தனியே இல்லாதது கூட்டத்தில் வருமா?

வஞ்சி நகரில் மணிமேகலை சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியாக வாய் திறப்பவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் வேறு சிலவற்றையும் சேர்த்துவைத்தால் போதை பிறக்கிறது. பூவில் அது இல்லை, வெல்லத்திலும் இல்லை, கூட்டில் வந்தது. பூதங்கள் கூடும்போது உணர்வும் அப்படியே தோன்றும், அவை பிரிந்தால் போய்விடும். உயிர் என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை என்பது அவன் கட்சி. மணிமேகலை தரும் மறுப்பைக் கவனிக்க வேண்டும். கள்ளின் உவமையை அவள் தொடவே இல்லை. காட்சி மட்டுமே அளவை என்கிறாயே, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எதனால் அறிந்தாய் என்று கேட்டு அவன் வாயை அடைக்கிறாள். உவமை பதில் பெறாமல் அப்படியே நின்றது. அந்த உவமையை நேருக்கு நேர் எதிர்த்தவர்கள் கையில் எடுத்த நியாயம் வேறு: தனித்தனியே இல்லாத ஒன்று கூட்டத்தில் வராது; சடம் எவ்வளவு கூடினாலும் சடமே; ஆகவே அறிவு சடத்துக்கு அப்பாலிருந்துதான் வந்திருக்க வேண்டும். உயிரின் உண்மையை நிறுவ இன்றும் சமய மேடைகளில் முதலில் எடுக்கப்படும் வாதம் இதுதான். இந்த வாதத்தின் அடிப்படை வாக்கியம் பொய் என்பது என் முடிவு. உயிர் இல்லை என்று நிறுவ நான் வரவில்லை. உயிரைத் தாங்குவதாகச் சொல்லப்படும் இந்தத் தூண் பாரம் தாங்காது என்றே சொல்கிறேன். அதற்கான சான்று, தத்துவம் படிப்பவர்கள் வழக்கமாக எட்டிப் பார்க்காத ஓரிடத்தில் இருக்கிறது: சில உலோக ஆக்சைடுகள் ஏன் மின்சாரத்தைக் கடத்துவதில்லை என்ற கேள்வியில்.

1920களின் இறுதியிலும் 30களின் தொடக்கத்திலும் குவாண்டம் இயக்கவியல் திடப்பொருள்களுக்கு ஒரு பெரிய விளக்கத்தைத் தந்தது. படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் படிகம் முழுதும் பரவிய அலைகளாக இருக்கின்றன. அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் நிலைகள் பட்டைகளாக அமைகின்றன. ஒரு பட்டை முழுக்க நிரம்பியிருந்தால் மின்சாரம் பாயாது, அரைகுறையாக நிரம்பியிருந்தால் பாயும். செம்பு ஏன் கடத்துகிறது, வைரம் ஏன் கடத்துவதில்லை என்பதெல்லாம் இதில் அழகாக விளங்கிவிட்டது. இந்த விளக்கத்தின் உயிர்நாடியான அனுமானம் ஒன்று உண்டு: ஒவ்வொரு எலக்ட்ரானையும் தனியே கணக்கிடலாம், மற்ற எலக்ட்ரான்களை ஒரு சராசரிப் பின்னணியாக மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அதாவது தனி ஒன்றின் இயல்பு தெரிந்தால் கூட்டத்தின் இயல்பு தெரியும். 1937இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த கூட்டத்தில், நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த டி போயரும் வெர்வேயும் இந்தக் கணக்கு உதைக்கும் இடத்தைக் காட்டினார்கள். நிக்கல் ஆக்சைடு ஒரு பச்சை நிறப் பொருள். பட்டைக் கணக்குப்படி அதில் நிரம்பாத பட்டை உண்டு, மின்சாரம் பாய வேண்டும். பாய்வதில்லை. அது சிறந்த மின்காப்புப் பொருள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதுதான் காரணமாக இருக்கும் என்று பையர்ல்ஸ் கருத்துரைத்தார். நெவில் மாட் அதைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். இப்படிப்பட்ட பொருள்களை இன்று மாட் காப்பான்கள் என்கிறோம். 1977இல் மாட்டுக்கும் பிலிப் ஆண்டர்சனுக்கும் வான் விளெக்குக்கும் நோபல் பரிசு சேர்ந்து கிடைத்தது.

இதன் உட்பொருளை எளிமையாகக் காட்டியது ஜான் ஹப்பார்டு 1963இல் எழுதிய மாதிரி. அதில் இரண்டே அளவுகள். ஓர் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்குத் தாவ எலக்ட்ரானுக்கு இருக்கும் வாய்ப்பு ஒன்று. ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க நேர்ந்தால் விலக்குவிசையால் கொடுக்க வேண்டிய ஆற்றல் விலை மற்றொன்று. குழிக்கு ஒரு முத்து வைத்த பல்லாங்குழிப் பலகையை எண்ணிக்கொள்ளுங்கள். முத்து நகர வேண்டுமானால் ஏற்கெனவே முத்திருக்கும் குழிக்குத்தான் போக வேண்டும். அந்த விலை சிறிதாக இருக்கும்வரை முத்துகள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன: பொருள் உலோகம். விலை ஓரளவைத் தாண்டியதும் ஒவ்வொன்றும் தன் குழியிலேயே நின்றுவிடுகிறது: பொருள் காப்பான். எந்த எலக்ட்ரானும் நகரும் திறனை இழக்கவில்லை. அவற்றைக் கட்டிவைக்கப் புதிதாக ஒரு விசையும் வரவில்லை. இதோடு நிற்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே எலக்ட்ரான் கணநேரம் பக்கத்துக் குழியை எட்டிப் பார்த்துத் திரும்பினால் மொத்த ஆற்றல் சற்றுக் குறைகிறது. ஆனால் பவுலி விதிப்படி, பக்கத்தில் இருப்பதன் தற்சுழற்சி எதிர்த்திசையில் இருந்தால்தான் அப்படி எட்டிப் பார்க்க முடியும். ஆகவே அண்டை அணுக்களின் சுழற்சிகள் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி அணிவகுக்கின்றன. இதுதான் எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கு. வெளியே இரும்பைக் கவராத காந்தம் இது. உள்ளே இருக்கும் ஒழுங்கை மாங்கனீஸ் ஆக்சைடில் நியூட்ரான்களைச் சிதறவிட்டு 1949இல் ஷல்லும் ஸ்மார்ட்டும் கண்டு காட்டினார்கள். எலக்ட்ரான்களுக்கிடையே உள்ள மின்விலக்கு விசைக்குச் சுழற்சி என்பதே தெரியாது; எது மேல் எது கீழ் என்று அது பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த விசையிலிருந்தே காந்த ஒழுங்கு எழுகிறது. நமக்குப் பழக்கமான இரும்புக் காந்தமும் அப்படித்தான். அணுக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும் நேரடிக் காந்த விசை மட்டுமே காரணமாக இருந்தால், தனிச் சுழியத்துக்கு மேல் ஒரு கெல்வின் அளவிலேயே இரும்பின் காந்தம் குலைந்திருக்கும். உண்மையில் அது 770 பாகை செல்சியஸ் வரை தாங்குகிறது. பழைய நியூட்டன் விதிகளை மட்டும் வைத்துக்கொண்டால் வெப்பச் சமநிலையில் காந்தத்தன்மையே இருக்க முடியாது என்று 1911இல் போரும் 1919இல் வான் லீயூவென் அம்மையாரும் தனித்தனியே நிறுவிவிட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் உண்டு. காந்த ஒழுங்கே பட்டைகளைப் பிளந்திருக்கலாமே, எலக்ட்ரான்களை இன்னமும் தனித்தனியே கணக்கிட்டால் போதுமே என்று 1951இல் ஸ்லேட்டர் வாதாடினார். அணுக்களின் சுழற்சி மாறி மாறி அமையும்போது படிகத்தின் அடிப்படை அலகு இரட்டிப்பாகிறது, ஒற்றைப்படையாக இருந்த எலக்ட்ரான் எண்ணிக்கை இரட்டைப்படையாகிறது, பட்டை நிரம்பிவிடும். அழகான வாதம்தான். கோபால்ட் ஆக்சைடு அதை முறித்துவிடுகிறது. அதில் அலகுக்கு ஒற்றைப்படை எலக்ட்ரான்கள். அதன் காந்த ஒழுங்கு ஏறத்தாழ 18 பாகை செல்சியசில் கலைந்துவிடுகிறது. ஸ்லேட்டர் சொன்னது சரியானால் அதற்கு மேலே அது உலோகமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஒழுங்கு போன பிறகும் காப்பானாகவே இருக்கிறது. வனேடியம் செஸ்குவி ஆக்சைடு இன்னும் தெளிவான சாட்சி. அறை வெப்பநிலையில் அது உலோகம். ஏறத்தாழ 160 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் எதிர் ஃபெர்ரோ காந்தக் காப்பானாகிவிடும். அதன் மின்தடை எண் ஒரு கோடி மடங்கு வரை தாவும். அங்கே படிக வடிவமும் காந்த ஒழுங்கும் சேர்ந்தே மாறுவதால், எது காரணம் எது விளைவு என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் அதே பொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் குரோமியம் சேர்த்துப் பாருங்கள். அறை வெப்பநிலையிலேயே, காந்த ஒழுங்கு எதுவும் இல்லாமல், படிகச் சமச்சீர் மாறாமல், கன அளவு மட்டும் ஏறத்தாழ ஒரு சதவீதம் மாற, உலோகம் காப்பானாகிறது. அழுத்தம் கொடுத்தால் மீண்டும் உலோகம். பெல் ஆய்வகத்தில் 1960களின் இறுதியில் தொடங்கிய இந்தச் சோதனைகளுக்குப் பிறகு, எலக்ட்ரான்களுக்கு இடையேயான உறவே இங்கே முதன்மைக் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனித் தத்துவக் கேள்விக்கு வருவோம். ‘கடத்தாமை’ என்ற இந்தப் பண்பு எதில் இருக்கிறது? ஓர் எலக்ட்ரானிடம் கேட்டால் அந்தக் கேள்விக்கே பொருளில்லை. தனி எலக்ட்ரான் கடத்தியும் அல்ல, காப்பானும் அல்ல. பண்பு சிறிதளவு ஒவ்வொன்றிலும் இருந்து கூடிக் கூடிப் பெரிதானது என்றும் சொல்ல முடியாது. விலைக்கும் தாவலுக்கும் உள்ள விகிதம் ஒரு வரம்பைத் தாண்டும்போது அது ஒரே தாவலில் வருகிறது. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து வைக்கவும் இல்லை. ஆக, தனியே இல்லாத ஒன்று கூட்டத்தில் வந்திருக்கிறது, வெளியிலிருந்தும் வரவில்லை. பழைய வாதம் ‘உள்ளே இல்லையெனில் வெளியிலிருந்து’ என்று இரண்டே கதவுகளைத்தான் காட்டியது. மூன்றாவது ஒன்று உண்டு: உறவு. ஆண்டர்சன் 1972இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான். எல்லாம் அடிப்படை விதிகளுக்கு அடங்கும். ஆனாலும் எண்ணிக்கை பெருகப் பெருக ஒவ்வொரு தளத்திலும் புதிய விதிகள் தோன்றும், அவற்றைக் கீழ்த்தளத்திலிருந்து ஊகித்துவிட முடியாது.

சற்காரியவாதி இதற்கு உடனே பதில் வைத்திருப்பார். சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்றுக்கொண்ட இந்தக் கொள்கைப்படி, காரியம் காரணத்துக்குள் சத்தியாக முன்பே இருக்கிறது. இல்லாதது ஒருநாளும் தோன்றாது. கடத்தாமையும் காந்த ஒழுங்கும் எலக்ட்ரானில் மறைந்திருந்தன, தகுந்த சூழலில் வெளிப்பட்டன என்பார் அவர். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அதில் பாதி உண்மை. ஹப்பார்டு மாதிரியில் தொடக்கத்தில் எழுதிய இரண்டு அளவுகளைத் தவிரப் பிறகு எதையும் யாரும் சேர்க்கவில்லை. சூனியத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தச் சத்தி எதற்கான சத்தி? அதே எலக்ட்ரான்கள் உலோகமாகின்றன, காப்பானாகின்றன, காந்தமாகின்றன. லாந்தனம் தாமிர ஆக்சைடு என்ற மாட் காப்பானில் லாந்தனத்தில் ஒரு சிறு பங்கை பேரியத்தால் மாற்றினால், அதாவது பலகையிலிருந்து சில முத்துகளை எடுத்துவிட்டால், ஏறத்தாழ 35 கெல்வினில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது. பெட்னோர்ட்சும் முல்லரும் 1986இல் கண்டது இதைத்தான். ஒன்றுக்கொன்று நேர்மாறான எல்லாவற்றுக்கும் சத்தி இருக்கிறது என்றால், எது வெளிப்படும் என்பதை அந்தச் சத்தி முடிவு செய்யவில்லை என்றாகிறது. முடிவு செய்வது விகிதமும் அடர்த்தியும் அமைப்பும். அவை எந்தத் தனித் துகளிலும் குடியிருக்கவில்லை. சற்காரியவாதத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சத்தியை உறவில்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால் ‘சடம் கூடினாலும் சடமே’ என்ற முடிவு அதிலிருந்து கிடைக்காது.

கூட்டம் தன் உறுப்புகளை அப்படியே விட்டுவைக்கிறது என்பதுகூட உறுதியில்லை. எலக்ட்ரானின் மின்னூட்டமும் சுழற்சியும் பிரிக்க முடியாதவை என்றே தனி எலக்ட்ரானைப் பார்த்தவர்கள் எண்ணுவார்கள். ஸ்ட்ரான்சியம் தாமிர ஆக்சைடில் தாமிர அணுக்கள் சங்கிலி சங்கிலியாக அமைந்துள்ளன. 1996இல் அதன்மீது ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களை வெளியேற்றி ஆராய்ந்தபோது, விடப்பட்ட வெற்றிடத்தின் மின்னூட்டம் ஒரு வேகத்திலும் சுழற்சி வேறொரு வேகத்திலும் தனித்தனியே ஓடுவதற்கான அடையாளம் தெரிந்தது. தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளிலும் இப்படி ஒரு பிரிவு இருக்கலாம் என்ற கருத்தை 1987இல் ஆண்டர்சனுடன் சேர்ந்து வளர்த்தவர்களில் ஒருவர் ஜி. பாஸ்கரன், பின்னர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். அந்தப் பொருள்களில் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற விவாதம் முடியவில்லை. சங்கிலியில் கண்டதே நம் கேள்விக்குப் போதும். உறுப்பின் இயல்பை முதலில் நிறுத்தி அதன்மேல் கூட்டத்தைக் கட்டலாம் என்ற எண்ணமே அங்கே ஆட்டம் காண்கிறது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். அறிவியல் படித்தவர்களே அதைச் சொல்வார்கள். இதெல்லாம் கணக்கிட முடியாத நம் இயலாமை மட்டும்தான், போதிய பெரிய கணிப்பொறி இருந்தால் துகள்களிலிருந்தே எல்லாம் வந்துவிடும், ‘புதியது’ என்பது அறியாமைக்கு வைத்த பெயர் என்பார்கள். இயலாமை உண்மைதான்: ஹப்பார்டு மாதிரியில் 20 அணுக்களுக்கே ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட நிலைகள் வருகின்றன, ஓர் அணு கூட்டினால் நான்கு மடங்காகிறது. ஆனால் கணிப்பொறியின் அளவு மட்டுமா தடை? 2015இல் கியூபிட், பெரெஸ் கார்சியா, வுல்ஃப் ஆகிய மூவர், எல்லையற்ற அணியடுக்கில் அண்டைத் துகள்களுக்கிடையேயான விதியை முழுமையாகக் கொடுத்தாலும், அதன் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலைக்கு மேலே ஓர் இடைவெளி உண்டா இல்லையா என்பதைப் பொதுவாக எந்த வழிமுறையாலும் தீர்மானிக்க முடியாது என்று நிறுவினார்கள். அவர்கள் கட்டிய மாதிரிகள் செயற்கையானவை. உண்மையான படிகங்கள் எல்லையற்றவை அல்ல. அதனால் இந்த ஒரு தேற்றத்தின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றமாட்டேன். எனக்கு இதைவிட வலுவாகத் தெரிவது வேறு சான்று. 2008இல் சூரிச்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் பொட்டாசியம் அணுக்களை மிகக் கடுமையாகக் குளிர்வித்து, லேசர் ஒளியால் ஆன குழிகளில் அடுக்கினார்கள். அங்கே உலோகம் இல்லை, மின்னூட்டத்தின் ஓட்டம் இல்லை. குழிகளின் இடைவெளி படிகத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பெரியது. விலக்கின் வலிமையைக் கூட்டியதும் அணுக்கள் குழிக்கு ஒன்றாக நின்றுவிட்டன: மாட் காப்பான். 2017இல் ஹார்வர்டில் லித்தியம் அணுக்களைக் கொண்டு எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கையும் உண்டாக்கிவிட்டார்கள். எலக்ட்ரானின் இடத்தில் முழு அணுவை வைத்தாலும் அதே பண்பு வருகிறது என்றால், அந்தப் பண்பு எலக்ட்ரானுடைய சொத்து அல்ல. எலக்ட்ரானைப் பற்றி எவ்வளவு அறிந்தாலும், இந்த ஒற்றுமை ஏன் என்பதற்கு விடை அங்கே கிடைக்காது. அமைப்பே விடை. அது கணிப்பொறியின் பற்றாக்குறையால் நாம் கற்பித்துக்கொண்ட ஒன்றல்ல, உலகத்தில் இருக்கிறது.

அப்படியானால் பூதவாதி வென்றுவிட்டானா? இல்லை என்பதே என் கருத்து. அவனுடைய கள்ளைச் சற்று உற்றுப் பாருங்கள். புளிப்பது ஈஸ்ட் என்ற உயிரியால். சடங்கள் மட்டும் கூடி அங்கே எதுவும் நடக்கவில்லை. அதைவிட முக்கியமானது, போதை கள்ளில் இல்லை. குடத்தில் இருப்பது ஆல்கஹால். போதை குடித்தவனிடம் இருக்கிறது. உணர்வு எப்படித் தோன்றியது என்று காட்ட வந்தவன், உணர்வுள்ள ஒருவனை உவமைக்குள் முன்கூட்டியே உட்கார வைத்துவிட்டான். மாட் காப்பான் அவனுக்கு மெய்யாகவே நல்ல சான்று, கள்ளைவிட மிக நல்ல சான்று. ஆனால் அது போகும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அங்கே தோன்றிய புதிய பண்பு எத்தன்மையது? மின்னூட்டம் நகர்கிறதா இல்லையா, சுழற்சிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதுதான். மின்னூட்டமும் நகர்வும் சுழற்சியும் உறுப்புகளைப் பற்றிப் பேசும்போதும் நாம் பயன்படுத்திய சொற்களே. உறுப்பிலிருந்து கூட்டத்துக்குப் போகும் பாதை கடினமானது, ஆனால் படிப்படியாகக் காட்டக்கூடியது. இரு முனையையும் அளவுகோல் வைத்து அளக்கலாம். அறிவோ அளக்கப்படும் பொருள்களின் வரிசையில் இன்னொன்று அன்று. அந்த அளவை யாருக்குத் தெரிகிறதோ அந்தத் தெரிதல். சங்கரர் பிரம்ம சூத்திர உரையின் மூன்றாம் அத்தியாயத்தில் பூதவாதியைப் போலவே பேசும் லோகாயதரை மறுக்கும்போது இந்த இடத்தில்தான் கை வைக்கிறார்: பூதங்களைத் தனக்கு விடயமாக்கிக்கொள்ளும் அறிவு அந்தப் பூதங்களுடைய பண்பாகவே எப்படி இருக்க முடியும் என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு ஆக்சைடுகள் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லவே முடியாது என்று நான் சாதிக்கவில்லை. நரம்பணுக்களின் உறவிலிருந்து தெரிதலுக்குப் போகும் பாதையை, விலக்கு விசையிலிருந்து காந்த ஒழுங்குக்குப் போகும் பாதையைப் போல, இதுவரை யாரும் போட்டுக் காட்டவில்லை. போட்டாகிவிட்டது என்று பேசுகிற பொருள்முதல்வாதியும் கைக்கு வராததை வந்ததாகச் சொல்கிறார்.

எனவே இரு தரப்பாருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. உயிர் உண்டு என்று போதிக்கிறவர்கள் ‘தனியே இல்லாதது கூட்டத்தில் வராது’ என்ற வாக்கியத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிடட்டும். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் எந்த மாணவரும் கோபால்ட் ஆக்சைடைக் காட்டி அதை மறுத்துவிட முடியும், அப்போது அதோடு சேர்ந்து நல்ல வாதங்களும் மதிப்பிழக்கும். உயிர் இல்லை என்கிறவர்கள், கூட்டத்தில் புதியது தோன்றும் என்று காட்டியதோடு உணர்வையும் விளக்கிவிட்டதாகக் கருத வேண்டாம். இரு தரப்பும் சங்கரர் கேட்ட கேள்வியிலிருந்து வாதத்தைத் தொடங்கட்டும்.